உதைக்காதீர்கள், முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்!

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒன்பது வருடமாகச் சாக்கு போர்த்தியபடி ஒரு எஸ்டி நின்றது. அப்பா அதில்தான் முருங்கைக்காய் மூட்டை கட்டி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவார். 2016-ல் அப்பாவுக்குக் காலில் அடிபட்டதும் வண்டியும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து டெம்போ வாடகைதான். "பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்று பலர் சொல்லியும் அப்பா போடவில்லை.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் என்றதும் அப்பா சாவியை என் கையில் கொடுத்து, "இனி நீ பாத்துக்கப்பா" என்றார். சும்மா இருப்பேனா? நேராகப் போய்க் கிக்கரை உதைத்தேன். அசையவில்லை. ஏறி நின்று மிதித்தேன். அப்பா ஓடி வந்து பிடித்து இழுத்தார். "ஏன்டா, படிச்சவன் பண்ற காரியமா இது?"

வெட்கமாகிவிட்டது. ஏன் உதைக்கக் கூடாது என்று அப்புறம்தான் யோசித்தேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்ல வருகிறேன்.

எஸ்டி நமக்குப் புதிதல்ல. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-ல் ஜாவா வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1973-லிருந்து எஸ்டி என்ற பெயரில் வந்தன. 1996-ல் தயாரிப்பு நின்றது. 250 சிசி, டூ ஸ்ட்ரோக். கிக்கரே கியர் லீவரும் ஆகும்.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் உயவு. பல வருடம் ஓடாத எஞ்சினுக்குள் அந்த ஆயில் காய்ந்து போயிருக்கும். ரிங் துருவோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் உதைத்தால் ரிங் உடையும், போரில் கோடு விழும். போர் போனால் செலவு எங்கேயோ போய்விடும்!

ஆகவே பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினோம். இரண்டு நாள் ஊறவிட்டோம். மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினோம். கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கிடந்ததும் இதற்கு வசதியாகப் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து, ஒரு முழுச் சுற்று சுற்றியது. அம்மா கூட எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்தது டேங்க். பழைய பெட்ரோலில் ஆவியாவது ஆவியாகி, மிச்சம் பிசினாக நிற்கும். கார்புரேட்டர் ஜெட்டை அடைப்பது இதுதான். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கழுவிக் காற்றடித்தால் போதும். டேங்க் துருவுக்கு அப்பா புளியைக் கரைத்து ஊற்றச் சொன்னார். சிரித்தேன். பிறகு பார்த்தால் புளியில் டார்டாரிக் அமிலம்! துருவைக் கரைப்பது அதுதானே? இரண்டு நாள் கழித்துச் சோடா உப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தோம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் பெட்ரோல் டியூபைப் புதிதாக மாற்றினோம். பெட்ரோல் லிட்டருக்கு ஆயில் 40 மில்லி. இது அப்பாவின் கணக்கு.

மூன்றாவது ஸ்பார்க். பாயிண்ட்டை எமரி பேப்பரால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். புது பிளக், புது 6 வோல்ட் பேட்டரி. நீல நிறத்தில் பொறி வந்தது.

அன்று நான்காவது உதையில் எஞ்சின் பிடித்தது! ஆனால் ஆக்சிலரேட்டர் கொடுக்காமலே அலறியது. வெள்ளைப் புகை வேறு. அப்பா சட்டென்று பெட்ரோலை மூடினார். காரணம் கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகிறது. காய்ந்த சீல் வழியாக வெளிக்காற்று புகுந்தால் கலவை மெலிந்து எஞ்சின் பறக்கும், சூடேறும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலையும் உறிஞ்சிப் புகையும். மறுபடி பிரித்து, இரண்டு சீலையும் மாற்ற ஒரு வாரம் ஆனது. ஆரம்பத்திலேயே மாற்றியிருக்கலாம். இது என் தவறு.

ஓடினால் மட்டும் போதுமா? நிற்கவும் வேண்டும். பிரேக் ஷூ லைனிங், கேபிள், டயர் எல்லாம் புதிது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். பட்டன் நன்றாக இருந்தாலும் வெடிப்பு விட்ட டயரை நம்பாதீர்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி ஆர்.சி.யை 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்சும் அவசியம். இவை முடியும் வரை வண்டி எங்கள் தோட்டத்தைத் தாண்டவில்லை.

இப்போது விடியற்காலை நாலு மணிக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. டெம்போ வாடகை மிச்சம். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சத்தத்தை வைத்தே பெட்ரோலை மூடத் தெரிந்தது அவருக்குத்தான். காரணம் சொல்லத் தெரிந்தது எனக்கு. இரண்டும் சேர்ந்துதான் வண்டி ஓடியது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு வண்டி சாக்கு போர்த்தி நிற்கலாம். இந்த லீவில் பிளக் ஸ்பானரோடு போங்கள். வீட்டுப் பெரியவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்!