கறளேறி இறுகிய பெட்டிக் கொளுவியைக் கழற்றுதல்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில், மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளம் களப்புமாக அமைந்த எத்தாளையில், இரும்பு நெடுநாளைக்கு இரும்பாக இருப்பதில்லை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குக் காற்று, கடலலையின் நுண்ணிய திவலைகளை வாரிக்கொண்டு வந்து தோட்டத்து வேலியிலும், நீரிறைக்கும் யந்திரத்திலும், உழவு யந்திரத்திலும் படியவிடுகின்றது. வேலிக்கம்பி இற்றுப்போனாற் கண்ணுக்குத் தெரியும். நீரிறைக்கும் யந்திரம் இயங்க மறுத்தால் அன்றே தெரியும். உழவு யந்திரத்தையும் அதன் பின்னே இழுக்கப்படும் பெட்டியையும் இணைத்து நிற்கும் கொளுவியைப் பற்றியோ, அதனைக் கழற்றவேண்டிய நாள் வரும்வரை எவரும் நினைப்பதில்லை.

அந்நாள் பெரும்பாலும் வசதியான நாளாக அமைவதுமில்லை. மறுநாட் காலையில் மிளகாய்க் கன்று நடுவதற்கு நிலத்தைப் பண்படுத்தவேண்டியிருக்கும்; அதற்குப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கலப்பையைப் பூட்டவேண்டும்; முளையோ அசையாது. பொழுது சாய்கின்ற வேளையிற் பொறுமையிழந்த ஒருவர் பெருஞ்சுத்தியலைத் தூக்குவார். மற்றொருவர் யந்திரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து நின்று முளையைப் பிடித்துக்கொள்வார். கை நசுங்குவதும் கால் முறிவதும் இத்தகைய வேளைகளிலேயே நிகழ்கின்றன. ஆகவே இவ்வேலையை முதல்நாளே தொடங்குதல் வேண்டும் என்பதே இத்துண்டுப் பிரசுரத்தின் முதலாவது ஆலோசனையாகும்.

இரண்டு சில்லு உழவு யந்திரத்தை நம்மவர் பலர் இன்றும் ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே வழங்குகின்றனர். அது பிரித்தானியாவில் ஆக்கப்பட்டு இங்கு வந்த ஒரு யந்திரத்தின் பெயர். அதனை உருவாக்குவதில் இலங்கைப் பொறியியலாளரான றே விஜேவர்தன (1924–2010) முக்கிய பங்குகொண்டார். பின்னர் யப்பானிய யந்திரங்களும் சீன யந்திரங்களும் வந்து நிறைந்தபோதும் பெயர் மாறவில்லை. உழுவதற்கென வந்த அந்த யந்திரம் இன்று ஆண்டின் பெரும்பகுதியைப் பெட்டியை இழுப்பதிலேயே கழிக்கின்றது. பசளை, மரக்கறி, நெல், மீன், உப்பு, சில வேளைகளிற் கலியாண வீட்டுக் கதிரைகள் யாவும் அதிலேயே போகின்றன. எனவே மாதக்கணக்கிற் கழற்றப்படாமலே கொளுவி கிடந்துவிடுகின்றது.

கொளுவியின் அமைப்பு எளிது. யந்திரத்தின் பின்னே இரண்டு தகடுகள் கொண்ட கவை உண்டு. மாட்டு வண்டியின் ஏர்க்காலை ஒத்த பெட்டியின் இழுசட்டம், நுனியிலுள்ள வளையத்தோடு அக்கவைக்குட் புகும். மூன்று துளைகளும் ஒரே நேராக நிற்க, மேலிருந்து ஒரு முளை இறக்கப்படும். ‘பின்’ என்று நாம் சொல்வது இம்முளையையே. முளைக்கும் துளைக்கும் இடையிலுள்ள வெளி மிகக் குறுகியது. கறளோ, தான் தின்ற இரும்பினும் இரண்டு மடங்கிற்கு மேலான இடத்தைப் பிடிப்பது. அது வெளியை நிரப்பிய பின்னர் ஆப்பு அடித்தாற்போல முளையை நெருக்குகின்றது.

மழையே பெய்யாத மாதத்திலும் இரும்பு எப்படிக் கறளேறுகின்றது என்று சிலர் வினவுவர். இதற்கு விடையைப் புத்தளத்து உப்பளங்களில் வேலை செய்வோர் நன்கறிவர். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடலுப்பிலே கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டு இதற்கும் குறைந்த ஈரத்திலேயே கசியும். கடற்கரையில் இரவு நேர ஈரப்பதம் இவ்வளவைத் தாண்டுவது வழக்கமாதலால், உப்புப் படிந்த கொளுவி ஒவ்வோர் இரவும் உப்புநீரில் நனைந்தே கிடக்கின்றது. பெட்டியில் ஏற்றும் பசளையும் இதற்குத் துணைபோகின்றது. மியூரியேற்றுப் பொட்டாசு என்பதும் ஒரு குளோரைட்டே. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய பொடி இழுசட்டத்தின் மேலே தங்கினால், அது கடற்காற்றைப் போலவே இரும்பைத் தின்னும்.

வேலையைத் தொடங்குமுன்

முதலில் முளை உண்மையாகவே கறளால் இறுகியதா, அல்லது பளுவினாற் பிடிபட்டதா என்று அறிதல் வேண்டும். சரிவில் நிற்கும் பெட்டி முளையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். அவ்வாறாயின் எண்ணெயும் சுத்தியலும் பயன்படா. யந்திரத்தைச் சமநிலத்திற்குக் கொண்டுவந்து, அங்குல அளவு முன்னும் பின்னும் நகர்த்தினால் முளை தானே தளர்ந்துவிடுவதுண்டு. இவ்வாறு நகர்த்தும்போது இடையில் எவரும் நிற்றல் ஆகாது. சிறுவர் அருகிலும் வருதல் ஆகாது.

பின்னர் யந்திரத்தை நிறுத்தி, பெட்டியிலுள்ள பாரம் முழுவதையும் இறக்குதல் வேண்டும். இதனைச் சோம்பலாற் கைவிடுவோர் பலர். இரண்டு சில்லுப் பெட்டியிற் பாரம் பின்புறம் மிகுந்திருந்தால், முளை வெளியேறிய கணத்திலேயே இழுசட்டம் மேலெழும்பிக் குனிந்து நிற்பவரின் முகத்தைத் தாக்கும். பாரம் முன்புறம் மிகுந்திருந்தால் அது காலின்மேல் விழும். வெறும் பெட்டியாயினும், அதன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கற்களை அடைகொடுத்து, இழுசட்டத்தின் கீழே உறுதியான மரக்குற்றியொன்றை வைத்துத் தாங்கவேண்டும். எத்தாளை மணலிற் குற்றி புதைந்துவிடுமாதலால், அதன் அடியில் அகலமான பலகையொன்று இருத்தல் அவசியம்.

எண்ணெயும் காலமும்

கம்பித் தூரிகையால் முளையின் தலையையும் அடிமுனையையும் துளையின் விளிம்புகளையும் நன்றாகத் தேய்த்து, தளர்ந்த கறளையும் மணலையும் அகற்றுக. மண் படிந்த இடுக்கினுள் எந்த எண்ணெயும் இறங்காது. அதன் பின்னர் மெல்லிய எண்ணெயைத் துளித்துளியாக விடுதல் வேண்டும். தென்னை மிகுந்த இப்பகுதியில் முதலிற் கைக்கெட்டுவது தேங்காயெண்ணெய். ஆனால் அது தடித்தது, இவ்வேலைக்கு ஏற்றதன்று. கிறீசும் அவ்வாறே. கறள் இளக்குவதற்கெனக் கடைகளில் விற்கப்படும் எண்ணெய் மிகச் சிறந்தது. அது கிடையாதவிடத்து மண்ணெண்ணெயுடன் சிறிதளவு யந்திர எண்ணெயைக் கலந்து பயன்படுத்தலாம். பலரும் அறிந்த டபிள்யூ.டி. 40 என்பது 1953 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விலக்கிக் கறளைத் தடுப்பதற்கென ஆக்கப்பட்டது. இலேசாக இறுகிய முளைக்கு அது போதுமாயினும், பல மாதக் கறளுக்கு அதனையே நம்பியிருத்தல் நன்றன்று.

மாலையில் ஒரு முறை, படுக்கைக்குப் போகுமுன் ஒரு முறை, விடியற்காலையில் ஒரு முறை என எண்ணெய் விடுக. ஒவ்வொரு முறையும் சிறு சுத்தியலாற் கவையின் பக்கங்களை இலேசாகப் பலமுறை தட்டுக. அதிர்ச்சியினாற் கறளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்ற, அவ்வழியே எண்ணெய் உள்ளிறங்கும். ஓங்கி அடிக்கும் ஓர் அடியைவிட இவ்வாறு தட்டும் ஐம்பது தட்டுகள் பயன்தரும்.

காலையில் முளையின் தலையைக் குழாய்ச் சாவியாற் பற்றி, இழுப்பதற்கு முயலாது, முதலிற் சுழற்றிப் பார்க்கவேண்டும். மயிரிழையளவு சுழன்றாலும் வேலை பாதி முடிந்தது எனலாம். இடமும் வலமுமாகச் சுழற்றிக்கொண்டே மேலும் எண்ணெய் விட்டால், செந்நிறக் கூழாகக் கறள் வெளிவரத் தொடங்கும். சுழலாதவிடத்து முளையைக் கீழிருந்து மேலே தள்ளவேண்டும். இதற்குச் சுத்தியலைவிட ஜக்கு நல்லது. பலகையின்மேல் ஜக்கை வைத்து, முளையிலுஞ் சற்றுச் சிறிய இரும்புத் துண்டொன்றை இடையே நிறுத்தி, யந்திரத்தின் சில்லு நிலத்தைவிட்டு எழாத அளவுக்கு மட்டும் அழுத்துக. அவ்வழுத்தம் நிற்கையில் எட்ட நின்று கவையின் பக்கத்தைத் தட்டினால், முளை ‘டக்’ என்ற ஓசையுடன் இடம்பெயரும்.

சுத்தியலாலேயே அடிக்க நேரின், முளையின் அடிமுனையை முதலிற் கவனிக்கவும். முன்னர் அடிபட்டு அது காளான்போல விரிந்திருந்தால், அவ்விளிம்பை அரத்தினால் அராவிவிட வேண்டும். இல்லையேல் விரிந்த முனை துளைக்குள் மேலும் இறுகும். இரும்போடு இரும்பு மோதும்போது தெறிக்கும் சிம்புகள் கண்ணைக் குருடாக்க வல்லன. கண்ணாடி அணியாது அடித்தல் ஒருபோதும் ஆகாது. வேறொரு வாகனத்திற் சங்கிலி கட்டித் திடீரென இழுக்கும் வழக்கத்தையும் கைவிடல் வேண்டும். அறுந்த சங்கிலி எத்திசையிற் பாயும் என்று எவராலும் கூறவியலாது.

சூடாக்கினாற் கழலும் என்பது உண்மையே. ஆயினும் கணக்கைப் பாருங்கள். 25 மில்லிமீற்றர் அகலமான துளையை 200 பாகை செல்சியஸ் மேலதிகமாகச் சூடாக்கினால் அது விரிவது ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஆறு பங்கே. கவை மட்டும் சூடேறி முளை குளிர்ந்திருந்தாலே அச்சிறு விரிவும் பயன்படும். இது பட்டறையிற் செய்யவேண்டிய வேலை. எண்ணெய் ஊறிய கொளுவிக்கு அருகில், எரிபொருட்டாங்கியும் இறப்பர்ச் சில்லும் இருக்க, தோட்டத்திலே தீ மூட்டுவது அறியாமையாகும். நாகம் பூசிய இரும்பாயின் அதன் புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் காணும்.

இவையெல்லாம் பயனளியாவிடின் முளையை வெட்டிவிடுவதே நன்று. கவைத் தகடுகளுக்கும் வளையத்துக்கும் இடையில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரும்பறுக்கும் வாளினால் வெட்டினாற் பெட்டி விடுபடும். எஞ்சிய துண்டுகளைப் பட்டறையில் அழுத்தி எடுக்கலாம். முளை மலிவானது, கவை விலையுயர்ந்தது. மலிவானதைக் காப்பாற்றப் போய் விலையுயர்ந்ததை வளைத்தவர் பலர்.

மரக்கறி ஏற்ற வரும் பிக்கப் வாகனங்கள் சிலவற்றில், பின்புறத்துச் சதுரக் குழாயினுள் இழுவைச் சட்டம் செருகப்பட்டிருக்கும். அங்கே நான்கு பக்கங்களிலும் நீளத்துக்குக் கறள் பிடிப்பதாற் பிடி இன்னும் கடுமையானது. குறுக்கு முளையை அகற்றி, எண்ணெய் ஊறிய பின்னர், சட்டத்தை வெளியே இழுக்குமுன் சிறிது உள்ளே அடித்து அசைக்கவேண்டும். குழாயின் உட்பக்கம் திறந்திருந்தால், அவ்வழியே நீண்ட இரும்புக் கோலை விட்டு வெளிநோக்கித் தள்ளலாம்.

கிணற்றை மறவாதீர்

எத்தாளைத் தோட்டங்கள் மணலுக்கு அடியில், உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீரை நம்பி வாழ்கின்றன. குடிப்பதும் அதையே, பயிருக்கு இறைப்பதும் அதையே. கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகளிற் பசளையிலிருந்து வந்த நைதரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் முன்னரே காட்டியுள்ளன. அத்தோடு மண்ணெண்ணெயையும் சேர்ப்பது தகாது. மணலிற் சிந்திய எண்ணெய்க்குக் கீழே தடையெதுவுமில்லை. ஆகையாற் கிணற்றுக்கு அண்மையில் இவ்வேலையைச் செய்யாது, கொளுவியின் கீழே பழைய தகரத் தட்டொன்றை வைத்து, ஒழுகுவதை அதில் ஏந்துதல் வேண்டும். ஒழுகிய எண்ணெயை மறுமுறைக்கும் பயன்படுத்தலாம்.

கழன்ற பின்னர்

முளையையும் துளைகளையும் பளபளப்பாகத் தேய்த்து, கிறீசு மெல்லிதாகப் பூசுக. மிகுதியாகப் பூசினாற் காற்றில் வரும் மணல் அதில் ஒட்டி, அரம்போல இரும்பைத் தேய்க்கும். இம்மணற்பாங்கான ஊரில் இது சிறு விடயமன்று. வாரத்துக்கு ஒரு முறை முளையைக் கழற்றித் துடைத்து மீண்டும் போடவேண்டும். மீனோ உப்போ பசளையோ ஏற்றிய நாளில் அன்றே கழுவுதல் நலம். எனினும் வரட்சிக் காலத்திற் கிணற்றுநீர் உவர்ப்படைந்திருந்தால் அந்நீராற் கழுவாது, உலர்ந்த துணியாற் துடைப்பதே மேல். நெற்செய்கையாளர் பெரும்போக அறுவடை முடிந்ததும் பெட்டியைக் கழற்றி வைப்பாராயின் சிறுபோக உழவின்போது இடர்ப்படார்.

பழைய முளைக்குப் பதிலாகக் கட்டடக் கம்பித் துண்டொன்றைச் செருகிக்கொண்டு வீதியில் ஓடும் பெட்டிகளை நாம் அடிக்கடி காண்கின்றோம். வரிகள் கொண்ட அக்கம்பி துளையைத் தேய்த்து அகலமாக்கும், வளைந்தால் வெளிவராது, அடியிற் பூட்டு இல்லாமையாற் குழியில் விழுந்தெழும்போது துள்ளி வெளியேறவுங்கூடும். புதிய முளை வாங்கச் செல்கையில் பழையதைக் கையோடு கொண்டுசென்று, அதன் தேயாத பகுதியின் பருமனை அளந்து, அடியிற் பூட்டுவதற்குரிய துளையும் வளையப் பூட்டும் உள்ளதாகவே வாங்குக.