பத்துப் பாட்டைக் கோத்து ஒரு மெட்லி: பாடலாம், வெளியிடலாமா? - திருச்சி, ஸ்ரீரங்கம் பாடகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மேடையில் மெட்லி தொடங்கினால் கூட்டம் எழுந்து நிற்கிறது. அதையே ஆல்பமாக்கி இணையத்தில் ஏற்றினால் நோட்டீஸ் வருகிறது. ஒரே பாட்டு, ஒரே குரல். இரண்டுக்கும் இடையில் சட்டம் எங்கே கோடு போடுகிறது?

திருச்சியில் கல்யாண வரவேற்போ, கோயில் திருவிழாவோ, கல்லூரி விழாவோ எதுவானாலும் மெல்லிசைக் கச்சேரியில் ஒரு மெட்லி இல்லாமல் இருக்காது. ஒரு பல்லவி, அடுத்த படத்தின் சரணம், நடுவில் தபேலா ஒரு சுற்று, பிறகு வேறொரு இசையமைப்பாளரின் மெட்டு என்று பத்து நிமிடத்தில் நாற்பது ஆண்டு சினிமா இசை கடந்துபோய்விடும்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் இளம் பாடகி ஒருவர் இதை ஆல்பமாக வெளியிட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்க்காரரான கவிஞர் வாலிக்கு மரியாதையாக அவருடைய பத்துப் பாடல்களைக் கோத்து 12 நிமிட மெட்லி. கீபோர்டு வாசிக்கும் நண்பர் தயார், ஸ்டுடியோவும் தயார். "பர்மிஷன் வாங்கணுமா?" என்று அவர் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அட, யாரு கேக்கப்போறா? எல்லாரும்தானே பாடுறாங்க!"

கேட்கிறார்கள் என்பதுதான் இன்றைய நிலைமை.

மெட்லி ஆல்பம் எங்கிருந்து வந்தது?

பல ஹிட் பாடல்களைத் துண்டு துண்டாக எடுத்து ஒரே தாளத்தில் கோத்து விற்கும் வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது 'ஸ்டார்ஸ் ஆன் 45' என்ற நெதர்லாந்துத் தயாரிப்பு. அதன் பின்கதையே ஒரு காப்புரிமைக் கதைதான். இசைப் பதிப்பாளர் வில்லெம் வான் கூட்டன் ஒருநாள் கடையில் ஒரு திருட்டு டிஸ்கோ இசைத்தட்டைக் கேட்டார். பல பாடல்களை ஒட்டுப்போட்டிருந்த அதில், தான் உரிமை வைத்திருந்த பாடல் ஒன்றும் அனுமதியில்லாமல் இடம்பெற்றிருந்தது. அவர் சண்டைக்குப் போவதோடு நிற்கவில்லை. 'இதையே முறைப்படி செய்தால் என்ன?' என்று யோசித்தார்.

தயாரிப்பாளர் யாப் எக்கர்மான்ட், பீட்டில்ஸ் குரல்களைப் போலவே பாடக்கூடியவர்களைத் தேடிப் பிடித்துப் புதிதாகப் பாட வைத்தார். பழைய ஒலிப்பதிவைத் தொடவே இல்லை. 1981 ஜூனில் அது அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. மெட்லியில் உள்ள பாடல்களின் பெயர்களையெல்லாம் தலைப்பிலேயே போட வேண்டியிருந்ததால், அமெரிக்காவில் அந்த இசைத்தட்டின் தலைப்பு மட்டும் 41 சொற்கள் நீண்டது.

இந்தியாவில் இதே போன்ற அலை கேசட் காலத்தில் வந்தது. குல்ஷன் குமாரின் டி-சீரிஸ், பழைய ஹிட் பாடல்களைப் புதுக் குரல்களில் பாடவைத்துக் குறைந்த விலையில் விற்றது. அப்போதைய காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஜே) பிரிவு அதற்கு வழிவிட்டது: ஒரு பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தால், நோட்டீஸ் கொடுத்து ராயல்டி கட்டிவிட்டு மறுபதிவு செய்யலாம். 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' பாடல்களின் மறுபதிவு கேசட் தொடர்பாக 1995-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. அசல் என்று நம்பி மக்கள் ஏமாறும்படி அட்டை இருக்கக் கூடாது என்பதுதான் அதில் வலியுறுத்தப்பட்டது.

ஒரு பாட்டுக்குள் எத்தனை உரிமை?

குழப்பம் தொடங்கும் இடம் இது. நாம் 'ஒரு பாட்டு' என்று சொல்வதைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. வரிகள் ஒன்று, அது இலக்கியப் படைப்பு. மெட்டும் இசையும் இன்னொன்று. அது இசைப் படைப்பு. ஸ்டுடியோவில் பதிவான அந்த ஒலி மூன்றாவது; அது ஒலிப்பதிவு.

வரிகளுக்கும் இசைக்கும், எழுதியவர் அல்லது இசையமைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். புதிதாகப் பாடிப் பதிவு செய்யும்போது மூன்றாவது உரிமையைத் தொடவில்லை. முதல் இரண்டையும் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

வாலி மறைந்தது 2013 ஜூலையில். அப்படியானால் அவருடைய வரிகளுக்கு 2073 முடியும்வரை பாதுகாப்பு. எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015-ல். அவருடைய மெட்டுகளுக்கு 2075 வரை. பத்துப் பாடல் மெட்லி என்றால் பத்து வரிகள், பத்து மெட்டுகள் என இருபது படைப்புகள். சினிமாப் பாடல்களில் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமிருந்து ஆடியோ நிறுவனத்துக்கும், அங்கிருந்து இன்னொரு நிறுவனத்துக்கும் கைமாறியிருக்கும். யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு

2012-ல் சட்டம் திருத்தப்பட்டபோது 31சி என்ற புதிய பிரிவு வந்தது. 'கவர் வெர்ஷன்' என்ற சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது இதுதான். உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் நிபந்தனைகளை நிறைவேற்றினால் மறுபதிவு செய்யலாம். ஆனால் நிபந்தனைகள் லேசானவை அல்ல:

- பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து முழு ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். 2021-ல் வந்த பாடலுக்கு 2027 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.
- உரிமையாளருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். அட்டை, லேபிள் மாதிரியையும் அனுப்ப வேண்டும்.
- ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும்.
- அசல் பாடகரின் பெயரோ படமோ அட்டையில் வரக் கூடாது. படத்தின் பெயரும் கூடாது. 'இது கவர் வெர்ஷன்' என்று எழுதியிருக்க வேண்டும்.
- கடைசியாக எந்த வடிவில் பாடல் வந்ததோ அதே வடிவில்தான் வெளியிட வேண்டும். அந்த வடிவம் புழக்கத்திலிருந்து போயிருந்தால் மட்டும் விலக்கு.

சின்னக் கலைஞர்களுக்கு இடிப்பது ராயல்டிக் கணக்கு. ஒவ்வொரு படைப்புக்கும், பிரதிகள் தயாரிக்கும் ஒவ்வோர் ஆண்டும், குறைந்தபட்சம் 50,000 பிரதிகளுக்கான தொகையைக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். மெட்லியில் இருபது படைப்புகள் இருந்தால் பத்து லட்சம் பிரதிகளுக்கான கணக்கு. ஆயிரம் பேர் கேட்டாலே சந்தோஷப்படும் பாடகிக்கு இது எட்டாத தொகை. குறிப்பிட்ட மொழிகளில் விற்பனை வாய்ப்பைப் பார்த்து இந்த எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. அந்த அதிகாரம் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்திடம் இருந்தது. 2021-ல் வாரியம் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்பு வணிக நீதிமன்றங்களுக்குப் போனது.

மெட்லிக்கு மட்டும் கூடுதல் சிக்கல்

முழுப் பாடலை அப்படியே பாடுபவருக்கு மேலே சொன்னவை போதும். மெட்லிக்கு இன்னொரு முள் இருக்கிறது. ஒலிப்பதிவு செய்யத் தொழில்நுட்ப ரீதியாக அவசியமானால் தவிர, வரிகளிலோ இசையிலோ எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்கிறது 31சி. உரிமையாளர் சம்மதத்துடன் ஏற்கெனவே செய்யப்பட்ட மாற்றத்துக்கு மட்டும் விலக்கு.

மெட்லி என்பதே மாற்றம்தான். சரணத்தை வெட்டி, ஸ்ருதியை மாற்றி, மூன்று தாளத்தில் இருந்ததை நான்கில் போட்டு, ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு ஒட்டினால்தான் மெட்லி. அதனால் 31சி என்ற கதவு மெட்லிக்குக் கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி எழுத்தில் அனுமதி வாங்குவதுதான் பாதுகாப்பான வழி.

இதோடு 57-வது பிரிவின் தார்மீக உரிமையும் சேர்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை படைப்பாளிக்கு உண்டு.

"முப்பது செகண்ட் வரைக்கும் ஃப்ரீதானே?"

இல்லை. ஏழு விநாடி, பதினைந்து விநாடி, முப்பது விநாடி என்று எந்தக் கணக்கும் இந்தியச் சட்டத்தில் கிடையாது. அடையாளம் காணக்கூடிய பல்லவி ஒன்று போதும். 'எல்லா உரிமையும் உரியவர்களுக்கே' என்று வீடியோவுக்குக் கீழே எழுதுவதும் அனுமதி ஆகாது. அது மரியாதை, அவ்வளவுதான்.

யூடியூபில் பலரும் கவர் பாடல்களை வெளியிடுகிறார்களே என்றால், பல நேரம் அங்கே தானியங்கி முறை மெட்டை அடையாளம் கண்டு, விளம்பர வருமானத்தை உரிமையாளர் பக்கம் திருப்பிவிடுகிறது. வீடியோ நிற்கலாம், காசு வராது. உரிமையாளர் நினைத்தால் நீக்கவும் செய்யலாம். மேலும் 31சி ஒலிப்பதிவுக்கு மட்டும்தான். காட்சியோடு சேர்ந்தால் அந்தப் பிரிவு கைகொடுக்காது.

மேடையில் பாடினால்?

மேடைக்கு வேறு கணக்கு. வரிகள், இசை ஆகியவற்றைப் பொதுவெளியில் நிகழ்த்துவதற்கான உரிமத்தை ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்புரிமைச் சங்கம் வழங்குகிறது. பொதுவாக அதை வாங்க வேண்டியவர் நிகழ்ச்சி அமைப்பாளர். சங்கத்தில் இல்லாத படைப்பாளியின் பாடல் என்றால் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

சில விலக்குகள் உண்டு. உண்மையான மதச் சடங்கின் போதும், கல்யாண ஊர்வலம், கல்யாணம் சார்ந்த கொண்டாட்டங்களிலும் பாடுவது மீறல் ஆகாது. கட்டணமில்லாத கூட்டத்துக்கோ, மத நிறுவனத்தின் நலனுக்காகவோ அமெச்சூர் குழு பாடுவதற்கும் விலக்கு உண்டு. கல்லூரிக்குள் மாணவர்களும் ஆசிரியர்களும் தங்களுக்குள் பாடிக்கொள்ளலாம். ஆனால் வெளியாட்களுக்கு டிக்கெட் விற்கும் விழாவுக்கும், கூலிக்கு வந்து பாடும் குழுவுக்கும் இந்தக் குடை விரியும் என்று நம்பிவிடக் கூடாது.

பெரிய பாடகர்களுக்கே வந்த நோட்டீஸ்

2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. தானே பாடிப் புகழ்பெறச் செய்த பாடல்களைத் தவிர்த்துவிட்டு எஸ்.பி.பி. கச்சேரியைத் தொடர்ந்தார். "பாடினவருக்கே உரிமை இல்லையா?" என்று தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. பாடகருக்கு 'நிகழ்த்துபவர் உரிமை' உண்டு. ஆனால் அது அவருடைய குரல் பதிவான நிகழ்த்துதலுக்கு. மெட்டுக்கோ வரிகளுக்கோ அல்ல.

2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' (1991) பாடலைப் பயன்படுத்தியதற்கும், 2025-ல் 'குட் பேட் அக்லி' படத்தில் பழைய பாடல்களைப் பயன்படுத்தியதற்கும் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. குணா பாடலின் வரிகள் வாலியுடையவை. இசையமைப்பாளர், பாடலாசிரியர், தயாரிப்பாளர், ஆடியோ நிறுவனம் ஆகியோரில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி இன்னும் நீதிமன்றப் படிகளில்தான் இருக்கிறது.

இதில் ஒரு பழைய கதையும் ஞாபகம் வரும். இளையராஜா இசை கற்றதே அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்த்தான். பிரபல சினிமா மெட்டுகளில் கட்சிக் கருத்தை ஏற்றிப் பாடிய குழு அது. பிறர் பாட்டைப் பாடிப் பழகுவது இங்கே எல்லா இசைக் கலைஞர்களுக்கும் முதல் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடம் மூடிவிடாமலும், பாட்டை உருவாக்கியவர் வயிறு காயாமலும் பார்த்துக்கொள்வதுதான் சட்டத்தின் முன்னால் இருக்கும் உண்மையான சவால். 2012 திருத்தம், சினிமாப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தியேட்டருக்கு வெளியே வரும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைத் தந்ததும் அதற்காகத்தான்.

அப்படியானால் ஸ்ரீரங்கத்துப் பாடகி என்ன செய்யலாம்?

முதல் வழி, பத்தைக் குறைத்து மூன்றாக்குவது. ஒரே ஆடியோ நிறுவனத்திடம் உரிமை உள்ள மூன்று பாடல்களைத் தேர்ந்தெடுத்தால், பேச வேண்டியது ஒரே இடத்தில். அனுமதி எழுத்தில் இருக்கட்டும். எந்தத் தளங்களில், எத்தனை ஆண்டுகளுக்கு, வீடியோவும் உண்டா என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

இரண்டாவது வழி, யாரிடமும் கேட்கத் தேவையில்லாத பாடல்களைத் தேடுவது. அதற்கு வெகுதூரம் போக வேண்டாம். இசையமைப்பாளர் ஜி.ராமநாதன் கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள பிச்சாண்டார்கோவிலில் பிறந்தவர், மறைந்தது 1963-ல். 2024 ஜனவரி முதல் அவருடைய மெட்டுகளுக்கான 60 ஆண்டுப் பாதுகாப்பு முடிந்துவிட்டது. ஆனால் அவர் இசையமைத்த எல்லாப் பாடல்களும் பொதுச்சொத்து அல்ல. பாடலாசிரியர் பின்னாளில் மறைந்திருந்தால் வரிகளுக்குப் பாதுகாப்பு தொடரும். அவர் இசையமைத்த 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தின் பாரதியார் பாடல்களில் அந்தச் சிக்கலும் இல்லை. பாரதி பாடல்களின் உரிமையை அரசு 1949-லேயே பெற்று நாட்டுடைமை ஆக்கிவிட்டது. மலைக்கோட்டையில் பிறந்த திருச்சி லோகநாதன் அந்தப் படத்தில் பாடியும் இருக்கிறார்.

பிச்சாண்டார்கோவில்காரர் மெட்டு, மலைக்கோட்டைக்காரர் பாடிய பாட்டு, ஊருக்கே சொந்தமான பாரதி வரிகள். வெட்டலாம், ஒட்டலாம், தாளம் மாற்றலாம். யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

வாலி மெட்லிதான் வேண்டும் என்றால் அதற்கும் தடையில்லை. கடிதம் எழுதி, அனுமதி வாங்கி, பணம் கட்டிய பிறகு. அதுவரை மேடையில் பாடிக்கொண்டிருக்கலாம். கச்சேரிக்குத் தேதி கொடுக்கும்போது அமைப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட வேண்டும்: "லைசென்ஸ் எடுத்துட்டீங்களாண்ணே?"