எதிரே வந்து மறையும் வண்டி

விடுமுறைக்கு இரவுப் பேருந்தில் ஊர் செல்லும் நம்மில் பலர் இக்கதையைக் கேட்டிருப்போம். ஆளரவமற்ற சாலை, எதிரே விளக்கொளி தெரிகிறது, ஓட்டுநர் வேகத்தைத் தணித்து ஒதுங்குகிறார். வண்டியோ வந்து சேர்வதில்லை, ஓசையும் இல்லை. நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசுக்குத் தம்பி முறை போலும்!

இத்தகைய ஒளி ஒன்றை முறையாக ஆராய்ந்த இடம், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பால்டிங் என்னும் சிற்றூர். அதன் அருகே காட்டினூடே மின்கம்பிகள் செல்லும் வெட்டவெளியில், இரவில் வெள்ளையும் சிவப்புமாக ஒளி தோன்றும். 1966 முதல் பேசப்படும் இதனை, ரயில் மோதி இறந்த ஊழியர் ஒருவரின் ஆவி கைவிளக்கை ஆட்டுவதாகப் பலர் கூறி வந்தனர். 2010-ல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் சிலர் அத்திசையில் தொலைநோக்கியைத் திருப்பினர். தெரிந்தது நெடுஞ்சாலையும் அதில் ஓடும் மோட்டார் வண்டிகளுமே. அவ்வளவில் அமையாது, தம்மவர் ஒருவரை அச்சாலையில் அபாய விளக்கைச் சிமிட்டியவாறு காரோட்டச் செய்தனர். 'ஆவி'யும் அவ்வாறே சிமிட்டிற்று!

அச்சாலை அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அத்தொலைவில் காரின் இரு முகவிளக்குகளையும் வெறுங்கண் பிரித்தறியாது. இரண்டும் ஒன்றாகத் தெரியும். வரும் வண்டி வெள்ளொளி, போகும் வண்டி செவ்வொளி. எஞ்சின் ஓசை அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. ஆதலின், கண்டவர்கள் பொய்யுரைத்தார்கள் அல்லர். அவர்கள் கண்ட ஒளி மெய்யே.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து 'மின் மின்' ஒளிக்கும் இதுபோன்ற விளக்கத்தை ஜாக் பெட்டிகுரூ என்னும் அறிஞர் 2003-ல் வெளியிட்டார். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேற்காற்று வெப்பமாக இருக்கும் இரவுகளில் ஒளி வளைந்து செல்லும்; அடிவானத்திற்குக் கீழே உள்ள வண்டியின் விளக்கும் மேலே மிதப்பதாகத் தோன்றும்.

எனினும், எல்லாக் காட்சிகளுக்கும் ஒளியே காரணமன்று. விடியலுக்கு முந்தைய வேளையில் உடல் உறக்கத்தை மிகவும் நாடும். கண் திறந்திருக்கையிலேயே சில விநாடிகள் உறக்கம் கவிவதுண்டு. கனவு சாலையின்மீது படிவதும் உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து 3 விநாடிகளில் ஏறக்குறைய 67 மீட்டர் கடந்துவிடுகிறது. ஆகவே, இல்லாத வண்டியைக் கண்டதாக நம் ஓட்டுநர் உரைப்பாராயின், நகைக்க வேண்டா. சாலையை விட்டு விலகிய ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவரைச் சற்றே உறங்க விடுவோம். ஊர் ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டும்.