கடை வீடியோவும் கண்ணைப் பறிக்கும் வித்தைகளும்

நோட்டீஸ் அச்சடித்து நாளிதழுக்குள் வைத்து வீடு வீடாகச் சேர்த்த காலம் போய், கடைக்கு ஒரு சின்ன வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் காலம் வந்துவிட்டது. நம் வணிகப் பெருமக்களில் பலர் இதைச் செய்கிறார்கள். செலவு குறைவு, கையிலிருக்கும் செல்போனே போதும். நல்ல காரியம்தான். ஆனால் இதில் நான் பட்ட ஓர் அனுபவத்தை மற்றவர்களும் தெரிந்துகொண்டால் பயன்படும் என்று எழுதுகிறேன்.

ஒரு தீபாவளிக்கு எங்கள் மளிகைக் கடைக்கு வீடியோ தயாரித்தோம். கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன்தான் படம் எடுத்தான். எடிட்டிங்கும் அவனே செல்போனில் செய்தான். ஒன்றரை நிமிடப் படம். கடையின் பெயர்ப்பலகை சுழன்றுகொண்டே வந்து நின்றது. துவரம்பருப்பு மூட்டை இதய வடிவத்துக்குள்ளிருந்து விரிந்தது. எண்ணெய் டின், புத்தகத்தின் பக்கம் போலப் புரண்டு சர்க்கரை மூட்டையானது. விலைகள் பறந்து வந்தன, மின்னின, பறந்து போயின. வீட்டில் எல்லோரும் கைதட்டினோம்.

மறுநாள் கடைக்கு வந்தவர்கள், "அண்ணாச்சி, வீடியோ பிரமாதம்" என்றார்கள். "சர்க்கரை என்ன விலை போட்டிருந்தோம்?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் நினைவில்லை. சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் வந்த அம்மா ஒருவர் சிரிக்கவில்லை. இருபது வருடமாக மாதச் சீட்டு எங்களிடம் கொடுப்பவர். துவரம்பருப்புப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். "படத்துல தங்கமாட்டம் இருந்துச்சு அண்ணாச்சி. வீட்டுல பிரிச்சா வெளுத்துக் கிடக்கு. எனக்கு மட்டும் வேற சரக்கா?" என்றார். சரக்கு மாறவில்லை. படத்தில்தான் பையன் நிறத்தைக் கூட்டியிருந்தான். எடுத்துச் சொன்னேன், பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் வீட்டுச் சீட்டு வரவில்லை.

அதன் பிறகுதான், கல்யாண வீடியோக்களை எடிட்டிங் செய்யும் அனுபவஸ்தர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, பையனும் நானும் கேட்டுக்கொண்டோம். அங்கே தெரிந்துகொண்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

நான்கு வகை போதும்

ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் போகும் முறையை டிரான்சிஷன் என்கிறார்கள். செல்போன் செயலிகளில் இது நூற்றுக்கணக்கில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் சினிமாவில் நூறு வருடமாக நிலைத்து நிற்பவை நான்குதான்.

முதலாவது கட். ஒரு காட்சி முடிந்ததும் அடுத்தது நேரடியாக வரும். பார்ப்பவர் அதைக் கவனிப்பதே இல்லை. அதுதான் அதன் பெருமை. திரைப்படங்களில் பெரும்பாலான இணைப்புகள் கட்தான்.

இரண்டாவது டிசால்வ். ஒரு காட்சி மங்க மங்க, அதன் மேலேயே அடுத்தது தெளியும். 'நேரம் கடந்துவிட்டது' என்று பார்ப்பவருக்கு அது சொல்கிறது.

மூன்றாவது ஃபேடு. காட்சி மெல்ல இருண்டு போவது. 'இத்துடன் முடிந்தது' என்று பொருள்.

நான்காவது வைப். ஒரு காட்சியைத் துடைத்துத் தள்ளியபடி அடுத்தது நுழைவது. 'இப்போது வேறு இடம்' என்று பொருள். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா இதை விரும்பிக் கையாண்டார். அவரை வழிகாட்டியாகக் கொண்ட ஜார்ஜ் லூகாஸ், 1977-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்குக் கதையைக் கொண்டுபோக இதைப் பலமுறை பயன்படுத்தினார்.

ஆக, ஒவ்வொன்றும் ஒரு செய்தி சொல்கிறது. பருப்பு மூட்டையிலிருந்து சர்க்கரை மூட்டைக்குப் போக இதய வடிவம் என்ன செய்தி சொல்கிறது? ஒன்றும் இல்லை. அங்கே கட் போதும்.

காசு கொடுத்த காலமும் இலவசக் காலமும்

பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் மெலியே 1902-ல் நிலவுப் பயணத்தைப் பற்றி எடுத்த புகழ்பெற்ற படத்திலேயே டிசால்வ் உண்டு. அந்தக் காலத்தில் கேமராவின் துவாரத்தை மெல்ல மூடி, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபடி திறந்து, அதே பிலிமில் அடுத்த காட்சியை எடுப்பார்கள். கை தவறினால் இரண்டு காட்சியும் வீண். பின்னாளில் இதற்கென்று ஆப்டிகல் பிரிண்டர் வந்தது. அப்போதும் ஒவ்வொரு டிசால்வுக்கும் லேபுக்குப் பணம் கட்டி, நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால், 'இது தேவைதானா?' என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள்.

வீடியோ வந்ததும் நிலைமை மாறியது. 1990-ன் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வீடியோ டோஸ்டர் என்ற கருவி, பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் மட்டுமே செய்துவந்த வித்தைகளைச் சிறு ஸ்டூடியோக்களுக்கும் கொண்டுவந்தது. 1991-ல் அடோபி பிரீமியர் வந்தது. நம் ஊர்க் கல்யாண கேசட்டுகளில் மாப்பிள்ளை ரோஜாப்பூவுக்குள்ளும் பெண் இதயத்துக்குள்ளும் சுழன்றது அந்தக் காலத்தில்தான். இன்று செல்போனில் எல்லாமே விரல் நுனியில் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சரக்கை நாம் அளந்து போடுவோம். சும்மா கிடைத்ததை அள்ளிப் போடுவோம். இங்கும் அதேதான் நடந்திருக்கிறது.

எதை எவ்வளவு போடலாம்?

நாற்பது வினாடிப் படத்துக்கு நாங்கள் இப்போது வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது. கடை முகப்பு, சரக்கு, விலை எல்லாவற்றுக்கும் கட். காலையில் மூட்டை இறங்குவதிலிருந்து மாலை வியாபாரத்துக்குப் போகும் இடத்தில் ஒரே ஒரு டிசால்வ். முடிவில், கடைப் பெயரும் போன் எண்ணும் நின்று தெரிந்த பிறகு, ஒரு ஃபேடு. அவ்வளவுதான்.

செல்போன் வீடியோவில் வினாடிக்குப் பெரும்பாலும் 30 படங்கள் ஓடுகின்றன. டிசால்வுக்கு அரை வினாடி முதல் ஒரு வினாடி வரை, அதாவது 15 முதல் 30 படங்கள் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு காட்சியும் குழம்பிப் போகும்.

படம் எடுக்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூட்டையின் வாயைத் தைக்கச் சாக்கில் நாலு விரல் இடம் விடுகிறோம் அல்லவா? விளிம்பு வரை நிரப்பினால் தைக்க முடியாது. ஒரு வினாடி டிசால்வுக்கும் முதல் காட்சியின் முடிவிலும் அடுத்த காட்சியின் தொடக்கத்திலும் அரை அரை வினாடி உபரியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு காட்சியையும் முன்னும் பின்னும் இரண்டு வினாடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காட்ட நினைத்த சரக்கையே டிசால்வ் தின்றுவிடும்.

விலை எழுத்து பறக்க வேண்டாம். ஓர் இடத்தில் நிற்கட்டும். எவ்வளவு நேரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. அந்த வரியை நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். அவ்வளவு நேரம் திரையில் இருக்க வேண்டும். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்ப்பவரும் நம் வாடிக்கையாளர்தான்.

மினுமினுப்பையும் பூமாரியையும் விட்டுவிடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோ சுருக்கப்படுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் எது மாறியிருக்கிறதோ, பெரும்பாலும் அதை மட்டும் பதிந்து இடத்தை மிச்சம் பிடிப்பதுதான் அந்தச் சுருக்கும் முறை. திரை முழுக்கப் பொட்டுப் பொட்டாக மின்னினால் எல்லாமே மாறுகிறது. கொடுத்த இடம் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். நம் போனில் பளபளத்தது வாடிக்கையாளர் போனில் கலங்கித் தெரியும்.

பளிச் பளிச்சென்று வெட்டும் ஒளி வித்தையை அறவே தவிர்க்க வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான 'போக்கிமான்' கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் அதிவேகமாக மாறி மாறி மின்னின. அதைப் பார்த்த 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். சிலருக்கு அத்தகைய ஒளியே வலிப்பைத் தூண்டிவிடும். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று இணையத்தளங்களுக்கே விதி வகுத்திருக்கிறார்கள். நம் வீடியோவைக் குழந்தைகளும் பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நிறம் கூட்டுவது தராசில் விரல் வைப்பது

இதுவரை சொன்னது ரசனையைப் பற்றியது. இனிச் சொல்வது நாணயத்தைப் பற்றியது.

காட்சி இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டலாம். டியூப் லைட்டினால் எல்லாம் நீலமாகத் தெரிந்தால் சரிசெய்யலாம். கண்ணால் பார்த்தது படத்திலும் வர வேண்டும் என்பதற்காகச் செய்யும் திருத்தம் அது. ஆனால் பருப்பைத் தங்கமாக்குவதும், மஞ்சள்தூளை மேலும் மஞ்சளாக்குவதும், மிளகாய்த்தூளைச் சிவக்க வைப்பதும் வேறு. இல்லாத தரத்தை இருப்பதாகக் காட்டுவது அது. தராசுத் தட்டில் விரல் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சட்டமும் இதைப் பார்க்கிறது. 2019-ல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளின் தன்மை, அளவு, தரம் பற்றி நுகர்வோரைத் தவறாக எண்ண வைக்கும் விளம்பரம், தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகும். ஆனால் சட்டம் வரும் முன்பே வாடிக்கையாளர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். சீட்டை வேறு கடைக்குக் கொடுத்துவிடுகிறார்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வீடியோவை அனுப்பும் முன், ஒரு கைப்பிடிச் சரக்கைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தில் செல்போனை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அனுப்புங்கள்.

பொங்கலுக்கு இந்த முறையில் நாற்பது வினாடிப் படம் ஒன்றைத் தயார் செய்தோம். "ரொம்பச் சாதாரணமா இருக்கே பெரியப்பா" என்று பையனுக்குக் குறைதான். இந்த முறை ஒருவரும் பிரமாதம் என்று சொல்லவில்லை. ஆனால் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து, "இந்த வெல்லம் இந்த விலைதானே அண்ணாச்சி?" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அந்த அம்மாவும் பொங்கல் சீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் துவரம்பருப்பு மட்டும் இல்லை.

போன நம்பிக்கை திரும்ப நாளாகும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சரிதான்; ஆனால் உப்பை யாரும் படி கணக்கில் போடுவதில்லை. வித்தைகளையும் அந்த அளவில் வைத்துக்கொண்டு, சரக்கையும் விலையையும் கடைப் பெயரையும் முன்னே நிறுத்துவோம்.