கடலை மணமும் ஒரு காந்தமும்

வறுத்த வேர்க்கடலை கமகமவென்று மணக்கிறதே, ஏன் தெரியுமா? அந்த மணத்தில் பைரசின் குடும்பத்து மூலக்கூறுகளுக்கும் பங்கு உண்டு. அந்தக் குடும்பத்திலேயே மிக எளிய மூலக்கூறான பைரசினைக் கொண்டு காந்தமே செய்துவிட்டார்கள், குட்டீஸ்!

இரும்பு அணுவுக்குள் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அவை ஒரே திசையில் அணிவகுத்தால் இரும்புத் துண்டே காந்தமாகும். சூடு அதிகமானால் அணிவகுப்பு கலைந்துவிடும்.

உலோகத்தை உருக்காமல், அயனிகளையும் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) கரிம மூலக்கூறுகளையும் (கார்பன் உள்ளவை) கோத்தே காந்தம் செய்யலாமா? 1991இல் அமெரிக்காவில் ஜோயல் மில்லர், ஆர்தர் எப்ஸ்டீன் குழுவினர் வனேடியத்தை வைத்து அப்படி ஒன்றைச் செய்தார்கள். அறை வெப்பநிலையில் அது காந்தமாகவே இருந்தது. ஆனால் காற்றுப் பட்டால் கெட்டுப்போனது.

பிரான்சின் போர்தோ நகரில் ரொடால்ஃப் கிளெராக் தலைமையிலான குழு குரோமியத்தையும் பைரசினையும் எடுத்துக்கொண்டது. பைரசின் ஆறு அணுக்கள் கொண்ட வளையம்: கார்பன் நான்கு, எதிரெதிரே நைட்ரஜன் இரண்டு. இரு நைட்ரஜனும் ஆளுக்கொரு குரோமியத்தைப் பிடித்துக்கொள்ள, சதுரக் கட்டங்களாக ஒரு வலை உருவானது. ஆனால் அது கடுங்குளிரில் மட்டுமே காந்தமாக இருந்தது.

அப்புறம்தான் தந்திரம்! 2020இல் லித்தியத்தின் உதவியால் பைரசினுக்குக் கூடுதல் எலக்ட்ரான் கொடுத்தார்கள். இப்போது ஒவ்வொரு வளையமும் ஒரு குட்டிக் காந்தம். அது குரோமியத்துக்கு எதிர்த்திசையில் திரும்பி நிற்கும். அப்படியென்றால் இரண்டும் சமமாகி ஒன்றுமில்லாமல் போகாதா? போகாது. கயிறு இழுக்கும் போட்டியில் பலமான அணி வெல்வதுபோல, குரோமியத்தின் பக்கம் பலம் மிஞ்சும். அந்த மிச்சமே நமக்குக் கிடைக்கும் காந்தம்!

எதிர்த்திசையும் நல்லதுதான், இரு பக்கமும் ஒன்றையொன்று இறுக்கமாகப் பிடித்து வைப்பதால் சூட்டால் எளிதில் கலைக்க முடியவில்லை. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். இந்தக் காந்தமோ 242 டிகிரி செல்சியஸ் வரை தாங்கியது. அறை வெப்பநிலையில் வேறொரு காந்தத்தை எதிரே காட்டினாலும் சுலபத்தில் திசை மாறாது. எடையும் குறைவு: ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 1.2 கிராம்தான், நியோடிமியம் காந்தம் என்றால் ஏறக்குறைய 7.5 கிராம்.

ஆனால் நியோடிமியம் அளவுக்கு இழுவிசை இதற்குக் கிடையாது. கார்பனும் நைட்ரஜனும் இடத்தை அடைத்துக்கொள்வதால் குரோமிய அயனிகள் விலகி விலகித்தான் நிற்கின்றன. இதை மேம்படுத்த உலோகத்தை மாற்றலாம், வளையத்தை மாற்றலாம், எலக்ட்ரான் எண்ணிக்கையையும் மாற்றலாம். நீங்கள் வேதியியலாளர் ஆனால் முதலில் எதை மாற்றிப் பார்ப்பீர்கள்?