வாழும் ஊரின் விளைச்சல்

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், மரம், விலங்கு, பறை ஆகியவற்றோடு உணவையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்கு நெல், நெய்தலுக்கு மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருள் என்று உரைகாரர்கள் விரித்துரைப்பார்கள். ஒரு நிலத்தில் வாழ்கிறவன் அந்த நிலம் தருவதை உண்கிறான் என்பது நம் இலக்கணத்திலேயே ஏறிவிட்ட செய்தி.

இந்தக் கண்ணோடு பெங்களூரைப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்து, இங்கே இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். இந்த ஊருக்குரிய உணவு எது? கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம், செம்மண், பெரிய ஆறு பக்கத்தில் கிடையாது, ஏரியும் மழையும்தான் துணை. இப்படிப்பட்ட நிலம் தருவது கேழ்வரகு, மொச்சை, கொள்ளு, விதவிதமான கீரைகள், நீலத் திராட்சை, ரோஸ் வெங்காயம், தேவனஹள்ளிப் பம்பளிமாஸ். இவற்றைத் தேடி வாங்குவதால் நமக்கு என்ன லாபம், விளைவிக்கிறவருக்கு என்ன லாபம் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

எது உள்ளூர்?

முதலில் இதைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். உள்ளூர் என்பதற்கு மாநில எல்லை கிடையாது. ஓசூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். நாசிக் வெங்காயம் சுமார் 1000 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. இமாசல ஆப்பிள் 2000 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே கோலார் தக்காளியும் உள்ளூர், ராயக்கோட்டைத் தக்காளியும் உள்ளூர். காலையில் பறித்தது மாலைக்குள் நம் சமையலறைக்கு வர முடியுமானால் அதை உள்ளூர் விளைச்சல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ருசியும் சத்தும்

பறித்த பிறகும் காய்க்கும் கீரைக்கும் உயிர் இருக்கிறது. அது மூச்சுவிட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த மூச்சிலே அதன் சர்க்கரையும் சத்தும் செலவாகின்றன. அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்த கீரை தன் உயிர்ச்சத்து 'சி'யில் பெரும்பகுதியை இழந்துவிடும். பச்சைப் பட்டாணியிலும் இனிப்புச் சோளத்திலும் உள்ள இனிப்பு மாவுச்சத்தாக மாறிப்போகும். லாரிப் பயணத்துக்கென்றே வளர்க்கும் தக்காளிக்குத் தடித்த தோல் வேண்டும். செங்காயாக இருக்கும்போதே பறிக்கவும் வேண்டும். நம்ம நாட்டுத் தக்காளி பழுத்தால் இரண்டே நாளில் குழைந்துவிடும். அதனால் அது தூரம் போகாது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அந்தப் புளிப்பு வாய்க்கும்.

மொச்சையை எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் அவரெக்காய். பழைய ரகங்கள் பகல் பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும். அதனால் மார்கழி, தை மாதங்களில் சந்தை முழுவதும் அதன் வாசனை. அந்த வாசனைக்குக் கன்னடத்தில் 'சொகடு' என்று தனிப் பெயரே உண்டு. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் பகல் பொழுதின் நீளத்தைப் பார்க்காமல் எப்போதும் காய்க்கும் 'ஹெப்பாள் அவரெ' ரகங்களை உருவாக்கியிருக்கிறது. அது பெரிய உதவிதான். ஆனாலும் பனிக்கால மொச்சையின் மணமே தனி என்பது சாப்பிடுகிறவர்களின் தீர்ப்பு. கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் சமைப்பதை இங்கே 'ஹிதகிதபேளெ' என்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்து அன்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அவர்கள் வீட்டுப் பிதுக்குப் பருப்புதான் அது. அந்நியம் என்று நினைப்பதில் பாதி நம் வீட்டு அடுப்பில் ஏற்கெனவே கொதித்ததுதான்.

கேழ்வரகும் அப்படியே. நாட்டிலேயே அதிகமாகக் கேழ்வரகு விளைவிப்பது கர்நாடகம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறிய பங்கே. மண்டியாவில் பணியாற்றிய விஞ்ஞானி லக்ஷ்மணய்யா இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து 'இண்டாஃப்' ரகங்களைத் தந்தார். 'ராகி லக்ஷ்மணய்யா' என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். மழையை நம்பியே விளையக்கூடிய இந்தத் தானியத்தை வாங்கும்போது, தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஒரு பகுதிக்கு நாம் சுமை ஏற்றுவதில்லை.

நூறு ரூபாயில் யாருக்கு எவ்வளவு?

2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது சுமார் 33 ரூபாய் என்கிறது. வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. மீதியெல்லாம் வண்டிக் கூலி, கமிஷன், அழுகிப்போன சரக்கின் நஷ்டம், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று வழியிலேயே பிரிந்துவிடுகிறது. இடையில் இருப்பவர்கள் எல்லாரும் கொள்ளையடிப்பவர்கள் என்று சொல்லிவிட முடியாது, அவர்களும் உழைக்கிறார்கள். ஆனால் கைகள் குறைந்தால் விவசாயியின் பங்கு கூடும்.

இதற்குப் பெங்களூரே ஒரு பழைய உதாரணம். தோட்டக்கலைத் துறையின் தலைவராக இருந்த டாக்டர் மரிகவுடா முயற்சியால் 1959-இல் திராட்சை விவசாயிகளுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதுதான் பின்னால் காய்கறி, பழம் எல்லாவற்றுக்குமாக வளர்ந்து 'ஹாப்காம்ஸ்' ஆனது. விவசாயி நேராகக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுக்கிறார். அன்றன்றைக்கு விலை குறிக்கிறார்கள். நாம் பேரம் பேசாமல் வாங்குகிறோம். போட்டி கூடிவிட்ட இந்தக் காலத்தில் அதன் கடைகள் பல மூடப்பட்டுவிட்டன என்பது வருத்தம். இதே எண்ணத்தில் பஞ்சாபில் 1987-இல் 'அப்னி மண்டி'யும், ஆந்திராவில் 1999 தொடக்கத்தில் 'ரைத்து பஜா'ரும், அதே ஆண்டு நவம்பரில் மதுரையில் உழவர் சந்தையும் வந்தன.

மைல் கணக்கும் தண்ணீர்க் கணக்கும்

உள்ளூர்ப் பொருள் வாங்கினால் புகை குறையும், பூமி குளிரும் என்று சிலர் சொல்வதுண்டு. இதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். உணவால் வெளியாகும் வாயுக்களில் வண்டிப் பயணத்தின் பங்கு பொதுவாகச் சிறியதே. வயல், உரம், கால்நடை, குப்பைக்குப் போகும் உணவு இவற்றின் பங்குதான் பெரிது. பக்கத்தில் வாங்கிக் கெடுமுன் சமைத்தால், அந்தக் கடைசிக் கணக்கு குறையும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே எல்லாம் சுத்தம் ஆகிவிடாது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நுரை பொங்கியதையும், பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததையும் நாம் பார்த்தோம். இப்படிக் கழிவு கலந்த ஏரி நீர் பாய்ந்த பயிர்களில் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செடி உறிஞ்சிக்கொண்ட உலோகம் கழுவினால் போகாது. ஆகவே "எங்கே விளைஞ்சது?" என்று கேட்பதோடு "எந்தத் தண்ணி பாய்ச்சுறீங்க?" என்றும் கேட்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வழியே இல்லை. பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தும் வரலாம். உள்ளூரின் பெரிய பலமே இதுதான்.

நிலம் நிலமாக இருக்க

தேவனஹள்ளிப் பம்பளிமாஸுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் 2008-இல் விமான நிலையம் வந்தபின் அந்த வட்டாரத்தில் நில விலை எங்கோ போய்விட்டது, தோட்டங்கள் மனைகளாயின. அதே தாலுகாவில் விண்வெளித் தொழிற்பூங்காவுக்காக 1777 ஏக்கர் எடுக்க அரசு முனைந்தபோது விவசாயிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். 2025 ஜூலையில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள், சரி. அந்த நிலத்தில் விளைவதை வாங்க ஆள் வேண்டாமா? விளைச்சலில் வருமானம் இல்லையென்றால் அடுத்த தலைமுறை தானாகவே விற்றுவிட்டுப் போகும். அப்புறம் நமக்குக் கீரை எங்கிருந்து வரும்?

எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. திருநெல்வேலிக் கருப்பட்டியும் ஈரோட்டு மஞ்சளும் நம் வீட்டில் இருக்கட்டும். அவை நாள்பட்டாலும் கெடாதவை. வாடுகிற பொருளைப் பக்கத்திலும், வாடாத பொருளைத் தூரத்திலும் வாங்குவது நல்ல கணக்கு. வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகு, பருவத்தில் மொச்சை, கேட்டு விசாரித்து வாங்கிய கீரை. தண்டு, பசளெ, மெந்தெ, சப்பசிகெ என்று கடைக்காரம்மா அடுக்கும்போது மிரள வேண்டாம்; தண்டுக்கீரை, பசலை, வெந்தயக்கீரை, சதகுப்பை என்று எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் இருக்கிறது. இந்த மண்ணில் பிழைப்பைத் தேடிக்கொண்ட நாம், இந்த மண்ணின் உழவர் பிழைப்பதற்கும் நம் சந்தைப் பையைத் திறந்து வைப்போம்.