பழம்பொருள் வாணிகம்: சிறு முதலில் தொடங்குவோர் அறிய வேண்டியவை

நெசவாளர் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீராக வேலை கிடைப்பதில்லை என்பதை அங்கத்தினர்கள் யாவரும் அறிவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்துவிட்டால் தெருவில் பாவு ஓட்டிக் கஞ்சி போட இயலாது, தறி நின்றுவிடும். விவசாயிக்கோ விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே கை ஓய்ந்திருக்கும் காலம் உண்டு. இத்தகைய நாட்களில் சிறு முதலைக் கொண்டு செய்யக்கூடிய உபதொழில்களில் ஒன்று பழைய பொருள்களை வாங்கிச் செப்பனிட்டு விற்பது. இதைச் செய்து நிமிர்ந்த குடும்பங்களும் உண்டு. உள்ள முதலையும் இழந்து கடனில் வீழ்ந்த குடும்பங்களும் உண்டு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை அதிர்ஷ்டத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எப்பொருளை வாங்குவது?

புதிய பொருளுக்கு விலை எழுதியிருக்கும். பழைய பொருளுக்கு விலை எழுதியிராது. அதன் பெறுமானத்தை அறிந்தவன் பிழைக்கிறான். அறியாதவன் மற்றவர் சொல்லும் விலைக்கு வாங்குகிறான். ஆகையால் பணமுதலைக் காட்டிலும் அறிவுமுதலே இங்கு முதன்மையானது. நாம் நாள்தோறும் கையாளும் பொருளே நமக்கு ஏற்றது. நெசவாளருக்கு நாடா, அச்சு, படைமரம், ஜக்கார்டு பெட்டி; விவசாயிக்குக் கோணிப்பை, மண்வெட்டி, கலப்பை, தெளிப்பான் முதலியவை. அச்சின் பற்களில் துரு ஏறியிருந்தால் பாவு இழைகள் அறும் என்பதைத் தறியில் அமர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவு அவன் விலை கொடுக்காமல் பெற்ற முதல்.

பழைய பட்டுச் சேலையை வாங்கிச் சரிகையிலுள்ள வெள்ளியைப் பிரித்து விற்பதில் நல்ல இலாபம் உண்டென்று பலர் கூறுவர். அசல் சரிகை பட்டிழையின் மீது வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. போலிச் சரிகையில் செம்புக் கம்பி இருக்கும். பல ஆண்டு உடுத்திய சேலையில் இவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிதல் எளிதன்று. அசல் சரிகையிலும் வெள்ளியின் அளவு ஒன்றுபோல் இராது. உருக்கிப் பார்க்கும் வசதியும் அனுபவமும் இல்லாதவர் இதில் இறங்குவது ஆழமறியாமல் காலை விடுவதாகும்.

ஒரு கணக்கு

கோணிப்பை வாணிகத்தையே எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைகளிலும் மாவு மில்களிலும் காலியான சணற்சாக்குகள் சேர்ந்துகொண்டே இருக்கும். நெல், நிலக்கடலை, தவிடு ஆகியவற்றைக் கட்டி வைக்க அவை தேவைப்படும். ஒருவரிடம் 3,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். அவர் சாக்கு ஒன்று 15 ரூபாய் வீதம் 100 சாக்குகள் வாங்குகிறார். நல்ல பழஞ்சாக்கு 24 ரூபாய்க்கு விலைபோகிறது. (இவ்விலைகள் கணக்கை விளக்குவதற்காகக் கூறப்பட்டவை, அவரவர் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்க.) சாக்குக்கு 9 ரூபாய் வீதம் 900 ரூபாய் இலாபம் என்று அவர் மனக்கணக்குப் போடுகிறார். நடப்பது வேறு.

சாக்குகளை உதறி, உட்புறம் திருப்பி, வெயிலில் காயவைத்துத் தரம் பிரிக்கும்போது 70 சாக்குகளே நல்லவையாகத் தேறுகின்றன. 20 சாக்குகளைக் கோணி ஊசி கொண்டு தைக்க வேண்டும். அவை 18 ரூபாய்க்குத்தான் போகும். எஞ்சிய 10 சாக்குகளை வெட்டி ஒட்டுப் போடவே பயன்படுத்தலாம். வண்டி வாடகை 200 ரூபாய். சணல் கயிறு 50 ரூபாய். ஆக மொத்தச் செலவு 1,750 ரூபாய். வரவு 1,680 ரூபாயும் 360 ரூபாயும் சேர்ந்து 2,040 ரூபாய். நிகர இலாபம் 290 ரூபாயே. இரண்டு நாள் உழைப்பு இதற்குச் செலவாயிற்று எனில், நாளொன்றுக்கு 145 ரூபாய் கூலி கிடைத்தது என்றே பொருள்.

இதே சாக்குகளை 13 ரூபாய்க்குப் பேசி வாங்கியிருந்தால் இலாபம் 490 ரூபாயாக உயர்ந்திருக்கும். விற்கும் விலை சந்தையின் கையில் இருக்கிறது. வாங்கும் விலை ஓரளவு நம் கையில் இருக்கிறது. ஆகவே இலாபம் வாங்கும் இடத்திலேயே பிறக்கிறது என்பதை மனத்தில் இருத்த வேண்டும். சாக்கை ஈரத்தோடு வாங்கலாகாது. பூஞ்சை பிடித்து இழை இற்றுப்போகும். பூச்சிமருந்தும் இரசாயன உரமும் இருந்த சாக்கை எத்தனை முறை அலசினாலும் உணவுத் தானியத்திற்கு விற்றல் கூடாது. இது இலாப நஷ்டத்தைப் பற்றியதன்று. உண்பவர் உயிரைப் பற்றியது.

கடன் வாங்கிச் செய்யலாமா?

மேற்கண்ட 1,750 ரூபாயை ஒருவர் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால், மாத வட்டி 52 ரூபாய் 50 காசு. இரண்டு மாதத்தில் சரக்கு விற்றால் வட்டி 105 ரூபாய் போக 185 ரூபாய் மிஞ்சும். நான்கு மாதமானால் மிஞ்சுவது 80 ரூபாய். ஆறு மாதமானால் வட்டி 315 ரூபாயாகி, முதலிலேயே 25 ரூபாய் குறையும். சரக்கில் குறையில்லை, விலையிலும் குறையில்லை; நாள் கடந்தது ஒன்றே நஷ்டத்திற்குக் காரணம். எனவே விரைந்து விற்கும் பொருளையே சிறு முதலுடையோர் நாட வேண்டும். கையிலுள்ள பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே சரக்கில் போடலாகாது. நூலுக்கென்றும் விதைக்கென்றும் சங்கத்தில் பெற்ற கடனை இதில் திருப்பிவிடுவது தறியையும் நிலத்தையும் பணயம் வைப்பதாகும்.

சட்டமும் நாணயமும்

தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவன் விற்றால், பொதுவாக, வாங்கியவனுக்கும் அதில் உரிமை ஏற்படாது என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் கொள்கை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்குவது குற்றம். 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. ஆகையால் மோட்டார், செம்புக் கம்பி, இயந்திரம் போன்றவற்றை வாங்கும்போது விற்பவரின் பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவற்றுடன் இரசீது பெறுதல் இன்றியமையாதது. வழக்கத்தைவிட மிகக் குறைந்த விலையே ஓர் எச்சரிக்கை. சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்துகொண்ட பழம்பொருள் வாணிகர், வாங்கும்போது உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளாமலும் பொருளின் தன்மையை மாற்றாமலும் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டின்மீது மட்டும் வரி கணக்கிட விதிகள் இடமளிக்கின்றன. அதற்கும் இரசீதே ஆதாரம்.

நாணயத்தைப் பற்றி எனது அனுபவம் ஒன்றைச் சொல்லுவது பயன்தரும். பல ஆண்டுகளுக்குமுன் ஒரு பழைய ஜக்கார்டு பெட்டியைத் தறியில் ஏற்றிப் பாராமல் வாங்கி, எண்ணெயிட்டுத் துடைத்து, சக நெசவாளர் ஒருவருக்கு விற்றேன். நான்கு கொக்கிகள் வளைந்திருந்ததையும் சில வில்கள் தளர்ந்திருந்ததையும் நான் கவனிக்கவில்லை. அவருடைய சேலையின் கரையில் பூ உருக்குலைந்து வந்தது. பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டேன். எனினும் அந்தச் சேலைக்கு அவர் இழந்த கூலியை என்னால் ஈடுசெய்ய இயலவில்லை. அன்றுமுதல் தறியில் ஓட்டிக் காட்டாமல் எக்கருவியையும் நான் விற்றதில்லை. குறையைச் சொல்லி விற்றால் விலை சிறிது குறையும். மறைத்து விற்றால் அடுத்த முறை வாங்க ஆளே வரமாட்டார்.

ஐவர் சேர்ந்தால்

தனியொருவர் 100 சாக்கு வாங்கினாலும், ஐவர் சேர்ந்து 500 சாக்கு வாங்கினாலும், பெரும்பாலும் வண்டி ஒன்றே. விலை பேசும் பலமும் கூடும். தையல் அறிந்தவர் தைக்கவும், சந்தை அறிந்தவர் விற்கவும், எழுத்தறிந்தவர் கணக்கு வைக்கவும் முடியும். ஆயினும் வரவு செலவை அன்றன்றே எழுதி, வாரந்தோறும் ஐவரும் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். கூட்டு வாணிகத்தில் எழுதியும் போட வேண்டும்.

1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் பலரும் பிற தொழிலாளரும் சேர்ந்து, 28 பவுன் முதலில் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற சில பொருள்களே அதில் இருந்தன. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க விற்பனை ஆகியவற்றை அவர்கள் விடாது கடைப்பிடித்தனர். உலகக் கூட்டுறவு இயக்கமே அவர்களை முன்னோடிகளாகப் போற்றுகிறது. முதல் சிறிதாயிருப்பது குறையன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. மழைக்காலத்தில் தறி நிற்கும்போது மனமும் நின்றுவிடாமல், அறிந்த பொருளில், சொந்தப் பணத்தில், எழுதிய கணக்கோடு சிறிதாகத் தொடங்குக. முதல் நூறு சாக்கின் கணக்கை முழுமையாக முடித்துப் பார்த்தபின்னரே அடுத்த நூறுக்குக் கை நீட்டுக.